எட்டு மில்லி மீட்டரில் ஒரு வாழ்க்கை!

லண்டன் மாநகரின் வடக்கே ஒரு குன்று இருக்கிறது. குன்றின் மேல் ஒரு பெரிய மாளிகை. அதன் பெயர், அலெக்சாண்டிரா மாளிகை.

1873-ம் ஆண்டில் இந்த மாளிகையைத் திறந்தார்கள். திறந்த 16-வது நாளில் தீப்பிடித்து எரிந்து போயிற்று. லண்டன்காரர்கள் சும்மா விடவில்லை. 1875-ல் மறுபடியும் கட்டி முடித்துவிட்டார்கள். 1936-ல் பி.பி.சி. தன் டெலிவிஷன் ஒளிபரப்பை ஆரம்பித்தது இந்த மாளிகையில் இருந்துதான்.

ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால், கடுங்குளிரையும் பொருட்படுத்தாமல் ஜனங்கள் இந்தக் குன்றின் மேல் ஏறுகிறார்கள். சிலர் கோமாளி வேஷம் போட்டிருக்கிறார்கள். சிலர் கிறிஸ்துமஸ் தாத்தாவாக வருகிறார்கள். வாழைப்பழம் போலத் துணி தைத்துப் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு!

உள்ளே நீளமான மேஜைகள். அவற்றைச் சுற்றி ஆயிரக்கணக்கான ரசிகர்கள். ஒரே பாட்டு, ஒரே கூச்சல்!

எல்லாரும் பார்ப்பது எதை?

ஒரு வட்டப் பலகையை! அதன் அகலம் ஒன்றரை அடிக்கும் சற்றுக் குறைவு.

அந்தப் பலகையில் சின்னஞ்சிறு அம்புகளை எறிவதுதான் ஆட்டம். இதற்கு "டார்ட்ஸ்" என்று பெயர். அதன் உலக சாம்பியன் போட்டிதான் இங்கே நடக்கிறது. 2026 ஜனவரியில் முடிந்த போட்டியில் வென்றவருக்குக் கிடைத்த பரிசு 10 லட்சம் பவுண்டு. நம் பணத்தில் ஏறத்தாழ 12 கோடி ரூபாய்!

நடுவில் அடித்தால் போதாது!

பலகையில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

நாம் பலகாரத் தட்டைத் துண்டு போடுகிற மாதிரி, பலகையை 20 துண்டுகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண். 1 முதல் 20 வரை. ஆனால், எண்கள் வரிசையாக இல்லை. உச்சியில் 20. அதற்கு இடது பக்கம் 5. வலது பக்கம் 1.

ஏன் இப்படி? 20-க்குக் குறி வைத்துத் தவறினால், கிடைப்பது 1 அல்லது 5. பேராசைப்பட்டுக் குறி தப்பினால் தண்டனை! அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

பலகையின் நடுவே ஒரு சிறு வட்டம். அதை "புல்ஸ் ஐ" என்பார்கள். காளையின் கண் என்று பொருள். அதில் அடித்தால் 50. அதைச் சுற்றியுள்ள வட்டத்தில் அடித்தால் 25.

நடுவில் அடிப்பதுதான் பெரிய சாமர்த்தியம் என்று புதிதாகப் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அது சரியல்ல. பலகையில் இரண்டு மெல்லிய வளையங்கள் இருக்கின்றன. உள் வளையத்தில் அம்பு பட்டால், அந்தத் துண்டின் எண் மூன்று மடங்கு. இது "டிரிபிள்". வெளி வளையத்தில் பட்டால் இரண்டு மடங்கு. இது "டபுள்".

20-ம் எண்ணின் டிரிபிளில் அடித்தால் 60. நடுவில் அடிப்பதைவிட இது 10 அதிகம். ஒரு தடவைக்கு மூன்று அம்புகள். மூன்றும் அந்த டிரிபிளில் இறங்கினால் 180. அதற்கு மேல் ஒரு தடவையில் எடுக்கவே முடியாது. நடுவர் "நூற்று எண்பது!" என்று கத்துவார். மண்டபமே எழுந்து நின்று ஆடும்.

இந்த வளையங்களின் அகலம் எவ்வளவு தெரியுமா? 8 மில்லி மீட்டர்! சுண்டு விரல் அகலம்கூட இல்லை. ஆட்டக்காரர் நிற்கும் கோட்டுக்கும் பலகைக்கும் உள்ள தூரம் 7 அடி 9¼ அங்குலம். பலகையின் நடுப்புள்ளி தரையில் இருந்து 5 அடி 8 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும். இந்த அளவுகள் மயிரிழைகூடப் பிசகக் கூடாது.

நாரில் செய்த பலகை

முன்பெல்லாம் மரப்பலகையில் ஆடினார்கள். மரம் காய்ந்து வெடித்துவிடும். அதனால் ராத்திரி முழுவதும் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். 1930-களில் புதுவகைப் பலகை வந்தது. அது மரம் அல்ல. நார்!

சிசல் என்று ஒரு கற்றாழை இனம். கயிறு திரிக்கப் பயன்படுவது. அந்த நாரைச் சிறு சிறு கட்டுகளாக்கி, குத்திட்ட வாக்கில் நிறுத்தி, இறுக அழுத்திப் பலகை செய்கிறார்கள். அம்பு குத்தும்போது நார் விலகி இடம் கொடுக்கும். அம்பைப் பிடுங்கியதும் நார் கூடிக்கொள்ளும். துவாரம் தெரியாது.

மேடையில் பலகையைச் சுற்றி வட்ட விளக்கு மாட்டுகிறார்கள். ஓர் அம்பின் நிழல் அடுத்த அம்பின் குறியை மறைக்கக் கூடாது அல்லவா? அதற்காக!

தலைகீழ்க் கணக்கு

மற்ற ஆட்டங்களில் பூஜ்யத்தில் தொடங்கி மேலே போவார்கள். இதில் நேர்மாறு. இருவரும் 501-ல் தொடங்குகிறார்கள். அடித்த எண்ணை அதில் இருந்து கழித்துக்கொண்டே வர வேண்டும். யார் முதலில் பூஜ்யத்தைத் தொடுகிறாரோ, அவருக்கு ஒரு "லெக்".

இதில் ஒரு நிபந்தனை உண்டு. கடைசி அம்பு டபுள் வளையத்தில்தான் இறங்க வேண்டும். அல்லது புல்ஸ் ஐயில். வேறு எங்கே பட்டும் பயன் இல்லை. கணக்கும் சரியாகப் பூஜ்யத்தில் முடிய வேண்டும். மீதி இருப்பதைவிட அதிகமாக அடித்துவிட்டால் அந்தத் தடவை அடித்தது அத்தனையும் ரத்து! மீதி 1 என்று நின்றாலும் ரத்து. 1-ல் முடிக்க டபுள் ஏது?

ஆகவே, ஆட்டக்காரருக்குக் கை மட்டும் போதாது. கணக்கும் தெரிய வேண்டும்.

உதாரணம் பாருங்கள். ஒருவருக்கு 32 மீதி. அவர் 16-ம் எண்ணின் டபுளில் அடித்தால் முடிந்தது. குறி கொஞ்சம் உள்ளே விழுந்து வெறும் 16-ல் பட்டால்? மீதி 16. இப்போது 8-ன் டபுள். அதுவும் தவறி வெறும் 8-ல் பட்டால்? மீதி 8. 4-ன் டபுள். பிறகு 2-ன் டபுள். பிறகு 1-ன் டபுள். தவறினாலும் வழி அடைபடாது! இதனால்தான் பல ஆட்டக்காரர்கள் எப்படியாவது 32-ஐ மீதி வைக்கப் பார்க்கிறார்கள்.

501-ஐக் குறைந்தது எத்தனை அம்பில் முடிக்கலாம்? ஒன்பது! முதல் மூன்றில் 180. அடுத்த மூன்றில் 180. மீதி 141. அதற்கு 20-ன் டிரிபிள் 60. 19-ன் டிரிபிள் 57. 12-ன் டபுள் 24. கூட்டிப் பாருங்கள். 141!

சொல்வது சுலபம். செய்வது அபூர்வம். டெலிவிஷனில் முதன்முதலில் இதைச் செய்து காட்டியவர் இங்கிலாந்தின் ஜான் லோ. நாள்: 1984 அக்டோபர் 13. அதற்காக அவருக்குக் கிடைத்த பரிசு 1 லட்சத்து 2 ஆயிரம் பவுண்டு.

நடுவர் செய்யும் வேலை

மேடையில் பலகைக்கு அருகே ஒருவர் நிற்கிறார். அவர்தான் நடுவர். மூன்று அம்பும் பலகையில் பாய்ந்த மறு நொடியே, மொத்தத்தைக் கூட்டிக் கணீர் என்று சொல்ல வேண்டும். யந்திரத்தைப் பார்த்து அல்ல, மனக்கணக்காக! 60-ம் 57-ம் 19-ம் எவ்வளவு என்று யோசிக்க நேரம் இல்லை. 136 என்று சொல்லியாக வேண்டும். இருபுறமும் உள்ள எழுத்தர்கள் அதைக் குறித்து, மீதியைத் திரையில் காட்டுவார்கள்.

ஆட்டக்காரர் கேட்டால், "இவ்வளவு அடித்தீர்கள், இவ்வளவு மீதி" என்று நடுவர் சொல்லலாம். "இங்கே எறியுங்கள்" என்று மட்டும் சொல்லக் கூடாது. வழியை ஆட்டக்காரரே கண்டுபிடிக்க வேண்டும்.

பலகையில் தைக்காமல் கீழே விழுந்த அம்புக்குக் கணக்கு இல்லை. அதை எடுத்து மறுபடி எறியவும் அனுமதி இல்லை. ஒருவர் எறியும்போது மற்றவர் பின்னால் ஒதுங்கி, வாய் பேசாமல் நிற்க வேண்டும்.

யார் முதலில் எறிவது? நாணயம் சுண்டுவதில்லை. இருவரும் நடுப்புள்ளியை நோக்கி ஆளுக்கோர் அம்பு எறிகிறார்கள். யாருடைய அம்பு நடுவுக்கு அருகில் இருக்கிறதோ, அவருக்கு முதல் வாய்ப்பு.

மூன்று லெக் ஜெயித்தால் ஒரு "செட்". முதல் சுற்றில் மூன்று செட் எடுத்தவர் வெற்றி பெற்றவர். சுற்று ஏற ஏற, செட்டுகளும் ஏறும். இறுதி ஆட்டத்தில் ஏழு செட் எடுக்க வேண்டும்.

திரைக்குப் பின்னால் ஒருவர்

டெலிவிஷனில் இந்த ஆட்டத்தைப் பார்ப்பவர்களுக்கு ஓர் ஆச்சரியம் தோன்றும். அம்பு போய்ப் பாய்வதற்கு முன்பே, அது பாயப்போகும் இடத்தைக் காமிரா காட்டிவிடுகிறதே, எப்படி?

அதற்கென்றே ஓர் ஆள் இருக்கிறார். அனுபவம் மிக்க ஆட்டக்காரர்களே இந்த வேலைக்கு வருவது உண்டு. ஒவ்வொருவருக்கும் பிடித்த டபுள் எது, எந்த மீதியை எந்த வழியில் முடிப்பார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. "அடுத்தது 19-ன் டிரிபிள்" என்று காமிராக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார். ஆட்டக்காரர் மனத்தில் கணக்குப் போடும் நேரத்தில், இவரும் அதே கணக்கைப் போட்டாக வேண்டும்!

அழையா விருந்தாளி ஒருவரும் உண்டு. குளவி! குளிர்காலத்தில் மேடை விளக்கின் வெளிச்சத்தைத் தேடி வரும். கோட்டில் நிற்பவரின் முகத்தைச் சுற்றிப் பறக்கும். பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் அம்பை வைத்துவிட்டுக் குளவியை விரட்டியதை ஜனங்கள் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள்.

128 பேர், ஒரே பலகை

2025 டிசம்பர் 11-ந் தேதி தொடங்கிய போட்டியில் 128 பேர் கலந்துகொண்டார்கள். முந்தைய ஆண்டில் 96 பேர்தான். தோற்றால் வெளியே, மறு வாய்ப்பு கிடையாது. 127 பேர் தோற்றால்தான் ஒரு சாம்பியன் பிறக்க முடியும். ஆகவே, மொத்தம் 127 ஆட்டங்கள். அத்தனையும் ஒரே மேடையில்! கிறிஸ்துமஸ் சமயத்தில் மூன்று நாள் ஓய்வு. 2026 ஜனவரி 3-ந் தேதி இறுதி ஆட்டம்.

இந்த 128 பேரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

கடந்த இரண்டு ஆண்டுகளில் முக்கியப் போட்டிகளில் யார் எவ்வளவு பரிசுப் பணம் சம்பாதித்தார்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதில் முதல் 40 பேருக்கு இடம். பிறகு, ஆண்டு முழுவதும் நடக்கும் சுற்றுப் போட்டிகளின் பட்டியலில் இருந்து 40 பேர். மீதி 48 பேர் உலகத்தின் பல பாகங்களில் தகுதிப் போட்டிகளில் ஜெயித்து வருகிறவர்கள். இந்தியாவின் நிதின் குமார் அப்படி வந்தவர்தான். அவர் முதல் சுற்றில் நெதர்லாந்து ஆட்டக்காரர் ஒருவரை 3-2 என்று வென்றார். இந்தப் போட்டியில் ஓர் இந்தியர் பெற்ற முதல் வெற்றி அது.

ஒரு குறி, 12 லட்சம்!

ஜனங்கள் பார்ப்பது சாம்பியனை. ஆனால், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆடுகிறவர்கள் வேறு பக்கம் இருக்கிறார்கள்.

2026 போட்டியில், முதல் சுற்றில் தோற்றவருக்கு 15 ஆயிரம் பவுண்டு. ஜெயித்தவருக்குக் குறைந்தது 25 ஆயிரம் பவுண்டு. வித்தியாசம் 10 ஆயிரம் பவுண்டு. அதாவது சுமார் 12 லட்சம் ரூபாய்!

ஆட்டம் இரண்டு பேருக்கும் சமமாக நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி லெக். கையில் ஓர் அம்பு. எதிரே 8 மில்லி மீட்டர் வளையம். அம்பு கம்பிக்கு உள்ளே இறங்கினால் 12 லட்சம் கூடுதல். வெளியே இறங்கினால் இல்லை.

பணம் மட்டும் அல்ல. தொழிலே போய்விடலாம்!

தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு ஓர் அனுமதி அட்டை கொடுக்கிறார்கள். மொத்தம் 128 பேருக்குத்தான் அட்டை. இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். அட்டை இருந்தால்தான் சுற்றுப் போட்டிகளில் ஆடிப் பிழைக்கலாம். இரண்டு ஆண்டு முடியும்போது, பரிசுப் பணப் பட்டியலில் முதல் 64 இடங்களுக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அட்டை பறிபோகும். அந்தக் கணக்கை முடிப்பது எப்போது தெரியுமா? உலக சாம்பியன் போட்டி முடிந்ததும்!

பழைய பணத்துக்கும் மதிப்பு இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஜெயித்த தொகை பட்டியலில் இருந்து உதிர்ந்துவிடும். ஆகவே, ஒருமுறை ஜெயித்துவிட்டுக் காலை நீட்டிப் படுக்க முடியாது.

அந்தச் சுற்றுப் போட்டிகளில் பாட்டும் இல்லை, கூச்சலும் இல்லை. ஒரு பெரிய கூடத்தில் வரிசையாகப் பலகைகள். ஒரே நேரத்தில் பல ஆட்டங்கள். ஆட்டக்காரர்கள் ரெயில் கட்டணம், விமானக் கட்டணம், ஓட்டல் செலவு எல்லாவற்றையும் சொந்தக் கையில் இருந்து போட்டுக்கொண்டு வருகிறார்கள். தோற்றால், வந்த வழியே திரும்ப வேண்டும்.

அட்டை இழந்தவர்களுக்கும் ஒரு வழி உண்டு. ஜனவரியில் தகுதிப் போட்டி நடக்கிறது. நூற்றுக்கணக்கானவர்கள் வருவார்கள். பழைய ஆட்டக்காரர்களும் இருப்பார்கள். மீசை முளைக்காத பையன்களும் இருப்பார்கள். கொத்தனார், கூலித் தொழிலாளி, கடைச் சிப்பந்தி என்று யார் வேண்டுமானாலும் வரலாம்.

மின்சாரத் தொழிலாளி சாம்பியன் ஆனார்

அப்படி வருகிறவர்களுக்கு நம்பிக்கை கொடுக்கும் பெயர், ராப் கிராஸ். இவர் இங்கிலாந்தில் மின்சாரத் தொழிலாளியாக வேலை பார்த்தவர். 2017-ல்தான் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். 2018 ஜனவரி 1-ந் தேதி உலக சாம்பியன் இறுதி ஆட்டத்தில் நின்றார்!

எதிரே நின்றவர் பில் டெய்லர். 16 முறை உலகப் பட்டம் பெற்ற மாமன்னர். ராப் கிராஸ் 7-2 என்று ஜெயித்தார். அதோடு பில் டெய்லர் உலகப் போட்டியில் இருந்து விடைபெற்றார்.

பில் டெய்லரும் செல்வர் வீட்டுப் பிள்ளை அல்ல. பீங்கான் தொழிற்சாலைத் தொழிலாளி. அவருடைய திறமையைக் கண்டுபிடித்துப் பண உதவி செய்தவர் எரிக் பிரிஸ்டோ. இவர் ஐந்து முறை உலக சாம்பியன். 1990-ம் ஆண்டு இறுதி ஆட்டத்தில் குருவும் சீடனும் மோதினார்கள். சீடன் 6-1 என்று ஜெயித்துவிட்டார்!

எரிக் பிரிஸ்டோவுக்கு வந்த சோதனை வேறு யாருக்கும் வரக் கூடாது. 1986-ல் ஐந்தாவது பட்டம் பெற்ற பிறகு, ஒருநாள் அவர் கை அம்பை விட மறுத்தது. குறி தெரிகிறது. கை உயர்கிறது. விரல்கள் மட்டும் திறக்கவில்லை! உடம்பில் நோய் இல்லை. மனத்தில் வந்த முடக்கம். இதற்கு "டார்ட்டைட்டிஸ்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் விடாமல் பாடுபட்டு மறுபடி இறுதி ஆட்டங்கள்வரை வந்தார். ஆனால், ஆறாவது பட்டம் கிடைக்கவே இல்லை.

மதுக்கடையில் பிறந்த ஆட்டம்

இங்கிலாந்தில் டார்ட்ஸ், மதுக்கடைகளில் வளர்ந்த ஆட்டம். வேலை முடிந்து வரும் தொழிலாளிகள் பொழுதுபோக்குக்காக ஆடினார்கள். சுவரில் ஒரு கரும்பலகை. அதில் சாக்கட்டியால் கணக்கு எழுதுவார்கள். பெரிய மனிதர்கள் இதை ஒரு விளையாட்டாகவே மதிக்கவில்லை.

1978-ல் நாட்டிங்காம் நகரில் டெலிவிஷனில் உலகப் போட்டி ஒன்று நடந்தது. வேல்ஸ் நாட்டின் லெய்ட்டன் ரீஸ், ஜான் லோவைத் தோற்கடித்தார். பரிசு 3 ஆயிரம் பவுண்டு.

அப்போதெல்லாம் மேடையிலேயே குடிப்பார்கள், புகைப்பார்கள். டெலிவிஷனில் பார்ப்பவர்கள் முகம் சுளித்தார்கள். 1980-களின் கடைசியில் விளம்பரதாரர்கள் விலகினார்கள். டெலிவிஷன்காரர்களும் ஒவ்வொரு போட்டியாகக் கைவிட்டார்கள். ஆட்டக்காரர்களின் வயிற்றில் அடி விழுந்தது.

1992-ல் முன்னணி ஆட்டக்காரர்கள் 16 பேர் சேர்ந்து தனி அமைப்பு கண்டார்கள். பழைய சங்கத்துக்கும் இவர்களுக்கும் பெரிய தகராறு. கோர்ட்டு வரை போயிற்று. 1994 ஜனவரியில் முடிந்த முதல் போட்டியைப் பர்ஃப்ளீட் என்ற ஊரில் ஒரு கேளிக்கை விடுதியில் நடத்தினார்கள். டென்னிஸ் பிரீஸ்ட்லி சாம்பியன் ஆனார். 1997-ல் வழக்கு சமரசமாயிற்று. அந்த அமைப்புதான் இன்றைய தொழில்முறை டார்ட்ஸ் கழகம். 2007 டிசம்பரில் போட்டியை அலெக்சாண்டிரா மாளிகைக்கு மாற்றினார்கள். பழைய சங்கம் 2020-ல் மூடப்பட்டது.

இப்போது மேடையில் மதுவும் இல்லை, புகையும் இல்லை. ஆட்டக்காரர் குடிப்பது தண்ணீர்தான்.

வயது இல்லை, பேதம் இல்லை

இந்த ஆட்டத்துக்கு உயரம் வேண்டாம். தோள் பலம் வேண்டாம். ஆணும் பெண்ணும் ஒரே பலகையில் மோதலாம்.

2019 டிசம்பரில் ஃபாலன் ஷெராக் என்ற இளம் பெண் இந்த மேடையில் ஏறினார். குழந்தையைத் தனியாக வளர்க்கும் தாய். முடிதிருத்தும் தொழில் செய்தவர். முதல் சுற்றில் ஓர் ஆண் ஆட்டக்காரரை 3-2 என்று வென்றார். இந்த உலகப் போட்டியில் ஒரு பெண் பெற்ற முதல் வெற்றி அது. அடுத்த சுற்றிலும் ஜெயித்தார்!

சிங்கப்பூரின் பால் லிம் கதை இன்னும் சுவையானது. 1990-ல், பழைய சங்கம் நடத்திய உலகப் போட்டியில் அவர் ஒன்பது அம்பில் 501-ஐ முடித்தார். உலகப் போட்டியில் அது முதல் தடவை. அதற்குப் பரிசு 52 ஆயிரம் பவுண்டு. அந்த ஆண்டு சாம்பியன் பில் டெய்லருக்குக் கிடைத்ததோ 24 ஆயிரம் பவுண்டுதான்! 35 ஆண்டுகள் கழித்து, 2025 டிசம்பரில், பால் லிம் மறுபடி உலகப் போட்டிக்கு வந்தார். அப்போது வயது 71. முதல் சுற்றில் ஜெயித்தும் காட்டினார்!

பையன் தவறவிட்ட அம்பு

வாரிங்டன் என்ற ஊரில் வளர்ந்தவர் லூக் லிட்லர். 2024 ஜனவரி 3-ந் தேதி இறுதி ஆட்டத்துக்கு வந்தபோது அவருக்கு வயது 16. இங்கிலாந்து முழுவதும் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருந்தது.

எதிரே லூக் ஹம்ஃபிரீஸ். பையன் 4-2 என்று முன்னணியில் இருந்தான். அடுத்த செட்டையும் எடுக்க ஓர் அம்பு போதும். மீதி 4. குறி, 2-ன் டபுள்.

அம்பு பறந்தது. வளையத்தில் இறங்கவில்லை!

5-2 ஆக வேண்டியது 4-3 ஆயிற்று. அதன் பிறகு பையனால் ஒரு செட்டும் எடுக்க முடியவில்லை. ஹம்ஃபிரீஸ் வரிசையாக ஐந்து செட்டுகள் எடுத்தார். 7-4. கோப்பை அவருக்கு. பரிசு 5 லட்சம் பவுண்டு. பையனுக்கு 2 லட்சம் பவுண்டு.

பையன் அழுது புரளவில்லை. ஜெயித்தவரைக் கட்டித் தழுவிவிட்டு இறங்கினான். அடுத்த ஆண்டு, 2025 ஜனவரி 3-ந் தேதி, அதே மேடை. மைக்கேல் வான் கெர்வெனை 7-3 என்று தோற்கடித்தான். வயது 17. இவ்வளவு இளம் வயதில் யாரும் உலக சாம்பியன் ஆனதில்லை. 2026 ஜனவரி 3-ந் தேதி கியான் வான் வீனை 7-1 என்று வென்று, மறுபடியும் பட்டம் பெற்றார் லிட்லர். 10 லட்சம் பவுண்டு பரிசு அவருக்குத்தான்.

அன்றிரவு அவர் கோப்பையைத் தூக்கியபோது ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். ஆனால், அட்டை பறிபோன ஆட்டக்காரர்களுக்கு எதிரே இருந்தது தகுதிப் போட்டிதான்.

அவர்களுக்கும் அதே கோடுதான். அதே 7 அடி 9¼ அங்குலம்தான். சாம்பியனுக்கு என்று வளையத்தை அகலப்படுத்துவதும் இல்லை. தோற்றவனுக்கு என்று குறுக்குவதும் இல்லை. எல்லாருக்கும் 8 மில்லி மீட்டர்!